கடல் பக்கம், ரயில் பக்கம்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஜூன் மாதம், ராயபுரத்தில் எங்கள் தெருவுக்குப் பக்கத்து ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் நடந்தது இது. நான் பி.ஏ.வில் சேர்ந்த புதிது. டிராம் ஏறிக் காலேஜுக்குப் போய் வருகிறவனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகளுக்குக் கண் சோதிக்க ஒரு டாக்டர் வந்தார். ஒரே ஆள், ஐந்து வகுப்பு. "ஒண்ணாங்கிளாஸை நீ பாத்துக்கப்பா" என்று, வேடிக்கை பார்க்கப் போன என்னை ஹெட்மாஸ்டர் இழுத்துவிட்டார். வேலை சுலபம்தான். சுவரில் ஒரு அட்டை. அதில் மூன்று பல் வைத்த சீப்பு மாதிரி ஓர் எழுத்து, வரிக்கு வரி சிறிதாகிக்கொண்டே, ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு பக்கம் திரும்பி நிற்கும். பிள்ளை ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பல் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். அப்புறம் அடுத்த கண்.

ஆறு வயசுக்கு இடது ஏது, வலது ஏது? நான் ஒரு யுக்தி பண்ணினேன். கிழக்கே கடல், மேற்கே ரயில். மேலே, கீழே, கடல், ரயில், அவ்வளவுதான். முதல் பிள்ளை சொன்னதும் மொத்த வகுப்பும் கோரஸாகத் திருப்பிச் சொன்னது. வாய்ப்பாட்டை அப்படித்தான் படிக்கிறார்கள், பாவம், பழக்கம். நான் தடுக்கவில்லை. கோலால் தாளம்கூடப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் நாற்பது பேருக்கும் 'பார்வை நன்று' என்று எழுதி முடித்தாயிற்று. அதில் என் அக்கா மகளும் ஒருத்தி. இரண்டு கண்ணிலும் ஒரு தப்பு இல்லை.

பெருமை தாங்கவில்லை. காலையில் தருகிறேன் என்று அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். மச்சான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னாடா, வூட்ல வந்து வித்தை காட்டிகினு கீறே?" என்றார்.

"உங்க பொண்ணு எப்படிச் சொல்றா பாருங்க மச்சான்" என்று அட்டையை ஆணியில் மாட்டினேன்.

வலது கண்ணால் பட்பட்டென்று எல்லாம் சரியாகச் சொன்னாள். வலது கண்ணை மூடினேன். இடது கண்ணால் சொன்னதில் மேலே, கீழே எல்லாம் சரி. கடலும் ரயிலும் மட்டும் தலைகீழ்.

எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. பள்ளிக்கூடத்தில் அட்டை வடக்குச் சுவரில் இருந்தது, இங்கே தெற்குச் சுவர். கடல் எதிர்ப்பக்கம் வந்துவிட்டது. சரி, குழந்தை குழம்பிவிட்டாள். ஆனால் வலது கண்ணால் சொன்னபோது ஏன் குழம்பவில்லை? பக்கம் மாறினதைப் பார்த்துச் சரியாகத்தானே சொன்னாள்? என் மண்டைதான் குழம்பிற்று. அட்டையைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தேன். இடது கண்ணால் பார்த்துக்கொண்டு அதே பாட்டை, அதே தாளத்தில் சொன்னாள்.

"ஏய், அட்டையைப் பாத்துச் சொல்லு!"

"பாக்கத்தான் மாமா பாக்கறேன். பொகையா கீது."

"அப்போ எப்படிச் சொன்னே?"

"எல்லாரும் சொன்னாங்கல்ல?" என்றாள். பிறகு எனக்குத்தான் விஷயம் தெரியாது என்பது போல, "இந்தக் கண்ணு பாக்கறது, அந்தக் கண்ணு சும்மா. எல்லாருக்கும் அப்டிதானே?" என்றாள்.

அக்கா உலை கொதிப்பதை விட்டுவிட்டு வந்து நின்றாள். "ஊசியில நூலு கோக்கறாளேடா!" என்று என்னிடமே கேட்டாள். ஒரு கண்ணால் கோத்திருக்கிறாள். பார்க்க இரண்டு கண்ணும் ஒன்றுபோல அழகாக இருந்தன. யாருக்குத் தெரியும்?

மறுநாள் கண்ணாஸ்பத்திரி. இடது கண்ணில் பவர் அதிகம், மூளை அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டது என்றார் டாக்டர். கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினம் கொஞ்ச நேரம் கட்டி வைக்கச் சொன்னார். இப்போதே வந்ததால் முயற்சி செய்யலாம், பத்துப் பன்னிரண்டு வயசில் வந்திருந்தால் கஷ்டம் என்றார்.

மச்சானுக்கு இது விளங்கவே இல்லை. "பாக்கற கண்ணை மூடிட்டு, பாக்காத கண்ணைத் தொறந்துவுடறியா? இன்னாடா நாயம் இது?" எனக்கும் பாதிதான் விளங்கியிருந்தது. முதல் வாரம் கட்டுப் போட்டதும் குழந்தை கதவில் முட்டிக்கொண்டு அழுதாள். கட்டைப் பிய்த்து எறிந்தாள். தெருவில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும், "இன்னா தொரை, மருமவளைக் குருடாக்கிட்டியாமே?" என்றார்கள். நான் செய்தது சரியா தப்பா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

இதற்கிடையில் ஹெட்மாஸ்டரிடம் போய், "நாற்பதும் தப்பு சார், திரும்பப் பார்க்கணும்" என்றேன். அவர் திட்டின திட்டை இங்கே எழுத முடியாது. இந்தத் தடவை மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் அட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். இன்னும் இரண்டு பேர் அகப்பட்டார்கள். இரண்டு பேருமே முதலில் நான் 'நன்று' போட்டவர்கள்தான்.

அக்கா மகளுக்கு இப்போது எட்டு வயசு. இடது கண்ணால் நாலு வரி வரைக்கும் சொந்தமாகச் சொல்கிறாள். ஐந்தாவது வருமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. எல்லாரும் நான் கண்டுபிடித்தேன் என்கிறார்கள். நான் எங்கே கண்டுபிடித்தேன்? ஜம்பம் அடிக்கத்தானே போனேன்! அன்று சாயங்காலம் நான் வேறெங்காவது போயிருந்தால் அவள் பெயருக்கு எதிரே என் கையெழுத்தில் 'நன்று' என்றுதான் இன்றைக்கும் இருந்திருக்கும். அதனால் இப்போதெல்லாம் ஒரு குழந்தை தயங்காமல் சரியான பதில் சொன்னால் எனக்குச் சந்தோஷம் வருவதற்கு முன்னால் பயம்தான் வருகிறது.