வாஷ்பேசின் குழாயும் ஒரு குத்தகை விசாரணையும்

“கொஞ்சம் அமுக்கிப் பிடிச்சுக்கோங்க சார், விட்டீங்கன்னா மேல்தொட்டித் தண்ணி பூரா போயிடும்” என்று சொல்லிவிட்டு பிளம்பர் மெயின் வால்வைத் தேடிப் போனார். போன மாதம், தஞ்சாவூரில், ஓய்வுபெற்ற பின் நான் வாங்கிய முதல் சொந்த வீட்டின் குளியலறையில் நடந்தது இது. பணிக்காலம் முழுவதும் வாடகை வீட்டிலும் அரசுக் குடியிருப்பிலும் இருந்தவனுக்குக் கடைசியில் வாய்த்த பழைய வீடு. வாஷ்பேசினில் இரண்டு பித்தளைக் குழாய்கள். இரண்டும் ஓயாமல் சொட்டின. மாற்றியே தீர வேண்டும் என்றாள் மனைவி. பிளம்பர் முதல் குழாயைத் திருகியதும் மரை தேய்ந்துபோன அதன் தலை கையோடு சுழன்றது. வால்வு எங்கே என்று கேட்டார். தெரியாது என்றேன். “வீட்டுக்காரரே நீங்கதானே சார்?” என்று சிரித்தார். ஒரு தாலுகாவின் அத்தனை எல்லைக்கற்களையும் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டிய தாசில்தார் நான் என்று அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

உள்ளங்கையால் அமுக்கினேன். பித்தளைக்கு அடியில் தண்ணீர் துடித்தது. இப்படி ஒரு குழாயை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றதை முன்பு ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். கைக்கு அது எப்படி இருக்கும் என்பது போன மாதம்தான் தெரிந்தது.

கீழ்த்தஞ்சையில் ஒரு தாலுகா அலுவலகம், பெயர் வேண்டாம். நான் அங்கே புதுக் குமாஸ்தா. ஆட்சி மாறி, நில உச்சவரம்பும் குத்தகைப் பதிவும் சட்டமாகியிருந்த காலம். சுவரெல்லாம் உழுபவனுக்கே நிலம் என்று எழுதியிருக்கும். அந்த உழுபவன் பதிவேட்டுக்குள் நுழைவதற்கான படிவங்கள் எங்கள் பீரோவுக்குள் இருக்கும். மிராசுதார்கள் முந்திக்கொண்டு குத்தகைதாரர்களை வெளியேற்றப் பார்த்தார்கள். குத்தகைதாரர்கள் மனுவோடு எங்களிடம் ஓடி வந்தார்கள். சில ஊர்களில் போலீஸ் காவலோடு அறுவடை நடந்தது. பெயர் பதிவாகிவிட்டால் ஒருவரை நிலத்தைவிட்டு எழுப்ப முடியாது. பதிவாகாவிட்டால் அடுத்த நடவுக்கு வேறு ஆள் இறங்குவார். சட்டத்தின் சாரம் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் நாங்கள் சேர்த்தது.

குழாயைப் பிடித்து நின்ற அவர் கடைமடையிலிருந்து வந்தவர். எல்லா ஊருக்கும் பாய்ந்து மிச்சமிருந்தால் மட்டும் ஆற்றுத்தண்ணீர் எட்டிப்பார்க்கும் ஊர். அப்பா காலத்திலிருந்து சாகுபடி செய்துவந்த இரண்டு ஏக்கருக்குத் தன் பெயரைப் பதியக் கேட்டு மனு. முதல் பஸ்ஸில் வந்து என் மேஜை முன் நின்று, “வந்துட்டேங்கய்யா, எழுதிக்குங்க” என்றார். ஒருவர் வந்துவிட்டார் என்று எழுதிக்கொள்ள எங்களிடம் படிவம் இல்லை. “கூப்பிடுவாங்க, இருங்க” என்றேன். மத்தியானம் வரை யாரும் கூப்பிடவில்லை. மரத்தடியில் கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டுக் கைகழுவப் பின்வராந்தாவுக்குப் போனார்.

அங்கிருந்த வாஷ்பேசின் குழாய் பல நாளாகவே மூடாது. நாங்கள் திறந்தபடியே விட்டுவிட்டு வருவோம்; தொட்டி காலியானதும் தானாக நின்றுவிடும். அதுவே எங்கள் பராமரிப்பு முறை. அவருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் செய்திருக்க மாட்டார். முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊர்க்காரர். உடைந்த மடையை அடைக்காமல் இடத்தைவிட்டு நகர அந்த ஊர்க்கால்களுக்குத் தெரியாது. குழாயின் தலையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, யாராவது வருகிறார்களா என்று பார்த்தபடி நின்றார்.

அந்த நேரம் பார்த்து தாசில்தார் அவருடைய மனுவை எடுத்தார். டவாலிச் சேவகர் முன்வாசலில் நின்று பெயரை மூன்று முறை கூப்பிட்டார். அந்தக் குரல் பின்வராந்தாவுக்குக் கேட்காது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, கண்ணால் குழாயைக் காட்டி, மற்றக் கையை லேசாகத் தூக்கினார். இங்கேதான் இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். நான் தலையசைத்தேன். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. தான் இருக்குமிடம் ஆபீசுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

“ஆளையே காணுமுங்க. விட்டுக்குடுத்துட்டான் போலருக்கு” என்றார் மிராசுதாரின் காரியஸ்தர். “எழுதிக்கப்பா” என்றார் தாசில்தார். மனுதாரரைத் தேடிப்போய் அழைத்துவருவது குமாஸ்தாவின் வேலை என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. மூன்று முறை அழைக்க வேண்டும், அழைத்தாயிற்று. ‘மனுதாரர் மூன்று முறை அழைக்கப்பட்டும் ஆஜராகவில்லை. மனு தள்ளுபடி’ என்று எழுதினேன். யாரும் எனக்கு எதுவும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் ஒரு காரணமாவது இருந்திருக்கும். விதி தெரிந்தவன் என்ற கர்வம் ஒன்றுதான் என்னிடம் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஈரக்கையோடு வந்தார். “குழாய்க்கு வாசர் போயிடுச்சுங்கய்யா. துண்டைக் கிழிச்சுச் சுத்தியிருக்கேன். என்னுது எப்பங்க?”

“முடிஞ்சிடுச்சு.”

“பேரு ஏறிடுச்சுங்களா?” அந்த முகத்தில் வந்த வெளிச்சம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“நீங்க வரலைன்னு தள்ளுபடி ஆயிடுச்சு.”

அவர் சத்தம் போடவில்லை. “நீங்க பாத்தீங்களேய்யா” என்றார். அதை ஒரு சந்தேகத்தைப் போலத்தான் கேட்டார். குறித்த நாளுக்குள் இன்னொரு மனு கொடுத்தால் மறுபடி விசாரிப்பார்கள். அந்த விதியும் எனக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

குழாயைப் பழுதுபார்க்க மறுநாளே குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். ஒரே வாரத்தில் புதுக்குழாய் வந்தது. அடுத்த நடவுக்கு அவர் வயலில் வேறு ஆள் இறங்கினார். பல வருடம் கழித்து நானே தாசில்தாராக அங்கே போனபோது அந்தக் கோப்பைக் கேட்டேன். வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்து விதிப்படி அழிக்கப்பட்டிருந்தது. அழிப்புப் பட்டியலில் இருந்தது என் கையெழுத்து. இடையில் ஒரு வருடம் பதிவறையைப் பார்த்துக்கொண்டபோது போட்டது. ஊருக்கும் போனேன். குடும்பத்தோடு திருப்பூர் பக்கம் போய்விட்டார் என்றார் ஒருவர். அந்தப் பெயரில் இங்கே யாரும் சாகுபடி செய்ததே இல்லை என்றார் இன்னொருவர். பதிவேட்டின்படி பார்த்தால் இரண்டாமவர் சொன்னதுதான் சரி. இன்று யோசித்தால் அவர் முகம் சரியாக வருவதில்லை. அந்தக் கை மட்டும் வருகிறது, எந்த ஊர்க் குழாயடியில் நின்றாலும்.

பிளம்பர் துருப்பிடித்த வால்வோடு மல்லுக்கட்டும் சத்தம் கேட்டது. என் தோள் வலிக்கத் தொடங்கியிருந்தது. அன்று பின்வராந்தாவில் அவர் ஐந்து நிமிடம் நின்றிருப்பார் என்றுதான் இத்தனை வருடமும் எண்ணியிருந்தேன்.

“ஏங்க, தபால்காரர் வந்திருக்காரு” என்று வாசலிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். “பென்ஷனுக்கு நீங்க உசுரோட இருக்கீங்கன்னு விரல் வைக்கணுமாம்!”

“கையை எடுக்க முடியாது.”

“தண்ணி போனாப் போவுது, விட்டுட்டு வாங்களேன். அவர் போயிட்டா அப்புறம் நீங்கதான் அலையணும்.”

ஆயுள் சான்றுக்கு ஓய்வூதியர் நேரில் வந்து விரல் வைக்க வேண்டும். வராவிட்டால் தபால்காரர் திரும்பிப் போகலாம், அவர்மேல் குற்றமில்லை. இதையெல்லாம் நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் கையை எடுக்க முடியவில்லை.

“சார், நீங்க அங்கயே இருங்க. நான் வர்றேன்” என்றது ஒரு குரல். செருப்பைக் கழற்றிவிட்டு, கூடத்தைத் தாண்டி, ஈரத்தரையில் பார்த்துப் பார்த்துக் கால்வைத்து வந்தார் தபால்காரர். கருவியை நீட்டினார். என் மற்றக் கையின் விரல் ஈரத்தில் பதியவில்லை. தன் கைக்குட்டையை எடுத்து அவரே துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

“பதிஞ்சிடுச்சு சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் எந்த விதியையும் மீறவில்லை. என் வீட்டு வாசலிலிருந்து குளியலறைக்கு இருபது தப்படி இருக்கும். என் நாற்காலியிலிருந்து அந்தப் பின்வராந்தாவுக்கு அதில் பாதிகூட இல்லை.