சொன்னால் கேட்பதில்லை

ராமக்காளைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை. இருந்தாலும் நான்தான் எழுத வேண்டும். அவரைப் பற்றித் தப்பாக எழுதி வைத்தவளும் நான்தான்.

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சுகர், பிரஷர் உள்ளவர்களுக்கு மாதம் ஒருமுறை வீடு தேடிப் போய் மாத்திரை கொடுப்பது என் வேலை. விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மெஷினில் பார்ப்பேன். வந்த எண்ணை நோட்டில் எழுதுவேன். எண் கூடியிருந்தால் திட்டுவேன். திட்டச் சொல்லி யாரும் என்னை வேலைக்கு வைக்கவில்லை. அது என் பிறவிக் குணம். ‘ஜாஸ்மினு வருது, வாழப்பழத்த ஒளிச்சு வை’ என்று ஊரில் கேலி பேசுவார்கள். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

ராமக்காள் புளி மண்டியில் வேலை பார்க்கிறவர். ஐம்பத்திரண்டு வயது. காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை புளியைத் தட்டிக் கொட்டை எடுப்பார். விரல் நுனியெல்லாம் புளி ஏறிக் கறுத்து, காய்த்துப் போயிருக்கும். ஊசி லேசில் இறங்காது. “எரும தோலுங்க்கா உங்களுக்கு” என்பேன். சிரிப்பார். வீட்டுக்காரர் மாதையன் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுகிறார். மகள் ஐஸ்வர்யாவை ஓசூரில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் இவர்கள் இரண்டே பேர்.

முதல்முறை பார்த்தபோது அக்காவுக்கு வெறும் வயிற்றில் இருநூற்று முப்பது. டாக்டர் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாத்திரை எழுதினார். நான் என் பங்குக்கு, “அரிசிச் சோத்தக் கொறைங்க, களி தின்னுங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த மாதமும் எண் இறங்கவில்லை. ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மண்டிக்கே போய்ப் பார்த்தேன். தூக்குப்போசியில் தேங்காய் அளவுக்கு இரண்டு களி உருண்டை உட்கார்ந்திருந்தது.

“களி நல்லதுன்னு நீதானே சொன்ன கண்ணு?”

“ஒரு உருண்டைன்னா என் கை அளவுங்க்கா. கூடக் கீரையும் வெச்சுக்கோங்க.” நான் கையை மூடிக் காட்டினேன்.

அக்கா என் கையைப் பார்த்தார், களியைப் பார்த்தார். “இது களியா, கோலிக்குண்டா?” என்றார். சுற்றி இருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். ஆனால் சொன்னபடி செய்தார். டீக்குச் சர்க்கரை போடுவதையும் விட்டுவிட்டார். மூன்றே மாதத்தில் நூற்று நாற்பதுக்கு வந்துவிட்டது. மாதக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று, “எங்க ஊரு ராமக்காள் மாதிரி இருக்கணும்” என்று பீற்றிக்கொண்டேன்.

ஐப்பசியில் எண் திரும்ப ஏற ஆரம்பித்தது. நூற்றுத் தொண்ணூறு, இருநூற்று இருபது, இருநூற்று அறுபது. மாத்திரை ஒழுங்காகத் தீர்கிறதா என்று தெரிய, காலி அட்டைகளைத் திருப்பிக் கேட்பது என் வழக்கம். அக்கா ஒன்று குறையாமல் ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார். மாத்திரை உள்ளே போகிறது, சுகர் இறங்கவில்லை. அப்படியென்றால் வாய்தான் குற்றவாளி என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

“சத்தியமா ஒரு உருண்டதான் கண்ணு.”

“பொய் சொல்லாதீங்க. மெஷின் பொய் சொல்லுமா? மண்டியில போண்டா, வடைன்னு உள்ள தள்ளிக்கிட்டு என்கிட்ட சத்தியம் பண்றீங்களா?”

அக்கம்பக்கத்தார் பார்க்கத்தான் திட்டினேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். ஐப்பசியில் எண் ஏறிய அன்றைக்கே நோட்டில் அவர் பெயருக்கு எதிரே, குறிப்பு எழுதும் கட்டத்தில், ‘சொன்னால் கேட்பதில்லை’ என்று எழுதினேன். அடுத்த மாதம் அதே இடத்தில் ‘மேற்படி’. அதற்கடுத்த மாதமும் ‘மேற்படி’. 

தை பிறந்த நாலாம் நாள் மாதையன் அண்ணன் போன் செய்தார். அக்காவுக்குக் காய்ச்சல், கால் வீங்கியிருக்கிறது என்றார். போனேன். வாசலிலேயே வாடை அடித்தது. வலது கால் புசுபுசுவென்று வீங்கி, மெட்டி விரலுக்குள் புதைந்து போயிருந்தது. மெட்டி அறுத்த இடத்தில் சீழ். அக்காவுக்கு வலியே தெரியவில்லை. காலில் உணர்ச்சி எப்போதோ போய்விட்டிருந்தது. “ஏங்க்கா கழட்டல?” என்று கேட்டேன். “அவரு குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப மெட்டியக் கழட்டுவாங்களா?” என்றார். மாதா மாதம் அந்த வீட்டுக்குப் போனவள் நான். விரலைப் பிடித்துக் குத்தியதோடு சரி. ஒருநாளாவது குனிந்து காலைப் பார்த்தேனா? இல்லை.

தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் மெட்டியை வெட்டி எடுத்தார்கள். மறுநாள் விரலையும் எடுத்தார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் காலே போயிருக்கும், இனியும் சுகர் இறங்காவிட்டால் போகும் என்றார் டாக்டர். என் நோட்டை வாங்கிப் புரட்டினார். “ஏன், பேஷண்ட் சொன்னா கேக்க மாட்டாங்களா?” என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். இன்றைக்கும் நினைத்தால் கழுத்து வலிக்கிறது.

அடுத்த நாள் காலை நர்ஸ் ஊசி போட்டுவிட்டு மாத்திரையும் கொடுத்துப் போனார். அக்கா மாத்திரையை இரண்டாக உடைத்தார். ஒரு பாதியை விழுங்கிவிட்டு மறு பாதியை முந்தானையில் முடிந்தார்.

“ஏங்க்கா, அது எதுக்கு?”

மாதையன் அண்ணன் டீ வாங்கப் போயிருந்தார். அக்கா வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார். “அவருக்கு. பாத்ரூமுல அவரு போற எடத்துல எறும்பு மொய்க்குது. எனக்குத் தெரியாதா அது என்னான்னு? சுகருன்னு தெரிஞ்சா ஓனரு வண்டிச் சாவிய வாங்கிக்குவாரு. அதான் கால்வலி மாத்திரன்னு சொல்லிக் குடுக்கறன்.”

“ஐப்பசியிலிருந்தா?”

“ஆமா கண்ணு. நடுவுல கோடு போட்டுத்தானே குடுக்கறீங்க. வூட்டுல ரெண்டு பேரு இருந்தா ஆளுக்குப் பாதின்னுதானே அது?”

நான் முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தப் பாதி மாத்திரையை எடுத்தேன்.

“ஒருவாட்டி உன்கிட்ட கேட்டன். உனக்கு ஏரியூரு பஸ்சுக்கு நேரமாயிடுச்சு.”

நினைவு வந்தது. ரோடு வரைக்கும் கூடவே நடந்து வந்தார். ‘ஆம்பளைங்களுக்கு எறும்பு மொய்ச்சா’ என்று ஆரம்பித்தார். நான் பாதியிலேயே வெட்டி, “டெஸ்ட் பண்ற ஸ்டிரிப்ப எண்ணித்தான் தர்றாங்க. யாருக்குப் பாக்கணுமோ அவங்களையே வரச் சொல்லுங்க” என்று பஸ்ஸில் ஏறிவிட்டேன். வெளியே தெரியாமல் பார்க்க முடியுமா என்பதுதான் அவர் கேட்க வந்தது. அதை நான் நின்று காதில் வாங்கியிருந்தால் இந்த விரல் இருந்திருக்கும்.

அண்ணன் வந்ததும் அவர் விரலில் குத்தினேன். முந்நூற்று நாற்பது. விஷயத்தைச் சொன்னதும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அவ வெரலத் தின்னுட்டுத்தான் இத்தன நாளா வண்டி ஓட்டியிருக்கறனா?” என்றார். சட்டைப் பையில் வெட்டி எடுத்த மெட்டியைப் பஞ்சில் சுற்றி வைத்திருந்தார். கை அதன்மேலேயே இருந்தது. அவருக்காவது தெரியாமல் நடந்தது. என்னிடம் அக்கா சொல்ல வந்தும் நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்காலிட்டபோது, பாவமென்று வேறு எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பள்ளிக்கூட ஓனரிடம் அண்ணனே போய்ச் சொன்னார். “மாத்தர போட்டுக்கிட்டு ஓட்டுய்யா. எனக்கே பதினஞ்சு வருசமா சுகரு” என்றாராம் அவர். இதற்கா ஒரு விரல் போயிற்று என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் ஆத்திரப்படுவது? 

மாசிக் கடைசியில் இருவருக்கும் தனித்தனிப் பையில் மாத்திரை கொண்டு போனேன். கட்டிலருகே தரையில் உட்கார்ந்து முதலில் காலைப் பார்த்தேன். புண் ஆறி வருகிறது. அக்காவுக்கு நூற்று ஐம்பத்தைந்து, அண்ணனுக்கு நூற்று எண்பது. எண்ணை எழுத நோட்டைத் திறந்தால் அந்த வரி என்னையே பார்த்தது. மறைக்க மனசு வரவில்லை.

“அக்கா, உங்க பக்கத்துல நான் ஒண்ணு எழுதி வெச்சிருக்கறங்க.”

“எனக்குப் படிக்கத் தெரியாதே. படி.”

“சொன்னால் கேட்பதில்லை.”

அக்காவின் முகத்தில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

“யாரு கண்ணு?”

“நான்தாங்க்கா” என்றேன்.