முட்டைக்காரர் வீட்டுக் கரண்டி

என் அக்காவின் கணவர் முட்டை வியாபாரி. பழைய பால்பவுடர் டப்பாவில் ஓட்டை போட்டு, உள்ளே ஒரு பல்பைப் பொருத்திக் கடையின் இருட்டு மூலையில் வைத்திருப்பார். லாரியில் வந்து இறங்கும் ஒவ்வொரு முட்டையையும் அந்த ஓட்டையில் வைத்துப் பார்ப்பார். உள்ளே மஞ்சள் கரு நிழலாகத் தெரியும். ரத்தப் புள்ளியோ விரிசலோ இருந்தால் பேசாமல் ஒதுக்கி வைப்பார். இல்லையென்றால் "நல்லது" என்று சொல்லித் தட்டில் அடுக்குவார். ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு நல்லது. நாளெல்லாம் அதே பல்லவி! மார்க்கெட்டில் அவருக்குப் பெயரே அதுவாகிவிட்டது. "யோவ் நல்லது, ரெண்டு தட்டு எடுத்து வை" என்றுதான் கேட்பார்கள்.

கடைக்கு மேலே உள்ள அறையில் நான் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். வேலை ஓயும்போது கீழே இறங்கி அவரை வம்புக்கு இழுப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு.

"ஏன் மாமா, எங்க அக்காவையும் இப்படி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டுத்தான் கட்டினீங்களா?"

"அவளைப் பாத்தேன். கூடவே நீயும் வருவேன்னு யாரும் காட்டலையே."

அப்படி வாய் நிறையப் பேசுகிற மனுஷன்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். பாப்பா என்றே இன்றுவரை கூப்பிடுகிறோம். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் திட உணவு சாப்பிடத் தொடங்கியதும், ஊட்டுகிற வேலையை அக்காவிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். முட்டையை வேகவைத்து, மஞ்சள் கருவைப் பாலில் குழைத்து, பழக்க தோஷம், கரண்டியைப் பல்புக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். "நல்லது" என்பார். பாப்பா வாயைத் திறப்பாள். அந்தச் சொல் வராவிட்டால் திறக்கவே மாட்டாள். பார்க்க அவ்வளவு வேடிக்கையாக இருக்கும்.

ஆனால் பிள்ளை தேறவில்லை. உட்கார வேண்டிய வயதில் உட்காரவில்லை. முடி செம்பட்டையாகி, தோல் வெளுத்துப்போனது. அவள் துணிகளில் ஒரு பூஞ்சை நாற்றம் அடித்தது. எத்தனை அலசியும் போகவில்லை. "சத்து பத்தல, வேற ஒண்ணுமில்ல" என்றார் மாமா. முட்டை விற்கிறவருக்குச் சத்து என்றால் வேறு எது தோன்றும்? ஒரு கருவை இரண்டாக்கினார். அவள் வாட வாட, அவர் இன்னும் ஊட்டினார்.

ஒருநாள் மத்தியானம் அவர் மடியிலேயே, வாயில் பாதிக் கரண்டி இருக்கும்போது, பாப்பாவுக்கு வலிப்பு வந்தது. அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

"புரதத்தை ஒரு மணிமாலைன்னு வெச்சுக்குங்க. சாப்பிட்டதும் உடம்பு அந்த மாலையை அறுத்து, மணி மணியாப் பிரிச்சு, தனக்கு வேணும்ங்கற மாதிரி மறுபடி கோத்துக்கும். சதை, ரத்தம், தோல் எல்லாம் அப்படி உண்டாகறதுதான். மிச்சமாகிற மணியையும் அதுவே கழிச்சுடும். உங்க பொண்ணோட உடம்புக்கு அதுல ஒரே ஒரு மணியை மட்டும் கழிக்கத் தெரியல. அது ரத்தத்துல சேந்து சேந்து மூளையைக் கெடுக்குது."

"எதுல இருக்கு அது?" என்று அக்கா கேட்டாள்.

"முட்டை, பால், பருப்பு, மீன், கறி. எதையெல்லாம் சத்துன்னு தேடிப்பிடிச்சு ஊட்டுவோமோ, அதுல எல்லாம். மாவுச்சத்து, கொழுப்பு ரெண்டும் பிரச்சினை இல்ல. ஜவ்வரிசிக் கஞ்சி, சர்க்கரை, எண்ணெய், பழம் கொடுக்கலாம். அந்த ஒரு மணியை நீக்கிட்டு மத்த மணிகளை மட்டும் சேத்துச் செஞ்ச பொடி இருக்கு. அதைக் கரைச்சுத் தினமும் கொடுக்கணும். அது இல்லாம இவ வளர மாட்டா. போனது முழுசாத் திரும்பும்னு சொல்ல மாட்டேன். ஆனா இனிமே போகாமப் பாத்துக்கலாம்."

"நான் ஊட்டின முட்டையா டாக்டர்?" என்று கேட்டார் மாமா.

"முட்டை மட்டும் இல்லைங்க. தாய்ப்பால்லயே அது உண்டு. இது உங்க ரெண்டு பேர்கிட்டயும் பாதி பாதியா ஒளிஞ்சிருந்து பிள்ளைக்கு வந்தது. யார் தப்பும் இல்ல."

முட்டை என்ற சொல்லுக்குப் பிறகு மாமாவின் காதில் எதுவுமே ஏறவில்லை. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து பாப்பாவைத் தொடவில்லை. அவள் கையை நீட்டினால் நகர்ந்து போவார். கடையில் முட்டையை ஊமையாகப் பார்த்து ஊமையாக அடுக்கினார். "என்னய்யா நல்லது, வாயில கொழுக்கட்டையா?" என்று யாராவது கேட்டாலும் அடுத்த முட்டையை எடுத்து ஓட்டையில் வைத்தார்.

அந்தப் பொடி இருக்கிறதே, அப்பப்பா! கரைத்தால் ஈரக் கோணிச் சாக்கு மாதிரி வாடை, நாக்கில் வைத்தால் கசப்பு. பாப்பா வாயை இறுக மூடிக்கொண்டாள். அக்கா கெஞ்சினாள். நான் கிலுகிலுப்பை ஆட்டினேன், பாடினேன், அதட்டினேன், மூக்கைப் பிடித்தும் பார்த்தேன். எல்லாவற்றையும் என் மேலேயே துப்பினாள். கஞ்சியை மட்டும் குடித்து நாளுக்கு நாள் இளைத்தாள். "இப்படியே விட்டா உடம்பு தன் சதையைத் தானே கரைச்சு அந்த மணியை ரத்தத்துல விட்டுக்கும். பொடி உள்ளே போயே ஆகணும்" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூளையில் மிச்சமிருப்பதும் போய்விடும் என்பது எங்களுக்குப் புரிந்தது.

அன்று அக்கா கிண்ணத்தையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு நேரே கடைக்குப் போனாள். பின்னாலேயே நானும் ஓடினேன்.

"பிடிங்க" என்றாள்.

"என் கையால வேணாம்."

"உங்க கையாலதான் சாப்பிடுவா. வேற யார் கையையும் அவளுக்குத் தெரியாது."

"இந்தக் கைதான்டி அவளை..."

"ஆமா, இந்தக் கைதான். அதுக்கு என்ன இப்போ? வெட்டிப் போட்டுட்டா சரியாயிடுமா?" அக்கா கத்தினாள். அவள் கத்தி அன்றுதான் கேட்டேன். "பிள்ளை செத்துட்டிருக்கா. நீங்க உக்காந்து கையைப் பாத்துட்டிருக்கீங்க!"

பாப்பாவை அவர் மடியில் வைத்துவிட்டாள். மாமா கரண்டியை எடுத்தார். கிண்ணத்திலிருந்து அள்ளியதில் பாதி சிந்தியது. பாப்பா அவர் முகத்தையே பார்த்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை. அவர் கரண்டியைப் பல்புக்கு நேராகத் தூக்கினார். அப்போதும் திறக்கவில்லை. அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். அந்தச் சொல்லைச் சொல்லித்தானே அத்தனை முட்டையையும் ஊட்டினார்! முதலில் அந்தக் கரண்டியைத் தன் வாயில் வைத்து, முகம் சுளிக்காமல் விழுங்கினார். இன்னொரு கரண்டி எடுத்துத் தூக்கிப் பார்த்தார்.

"நல்லது" என்றார். சொல் உடைந்துதான் வந்தது.

பாப்பா வாயைத் திறந்தாள். கசப்பில் உடம்பெல்லாம் சிலிர்த்தாலும் விழுங்கினாள். நானும் அக்காவும் முட்டைத் தட்டுகளுக்கு நடுவே நின்று அழுதோம்.

அதற்கப்புறம் ஒரு வேளைகூட அவர் தவறவிடவில்லை. கடைக்கு வருகிறவர்கள் காத்திருப்பார்கள். பாப்பா உட்கார்ந்தாள், வெகு தாமதமாக நடந்தாள். பேச்சு மட்டும் வரவில்லை. அவள் வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடப் பை சுமக்கையில், அவள் கடையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கொடுக்கும் முட்டைகளைத் தட்டில் வைப்பாள். ஒன்றைக்கூட உடைத்ததில்லை. சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கத்தரிக்கோலும் கையுமாகவே படியிறங்கிப் போய்விடுவேன்.

போன மழைக்காலத்தில் மாமாவுக்குக் காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி கட்டி, பாயோடு பாயாகக் கிடந்தார். மருந்து வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்னை விடுடி. அவளை இப்படிப் பண்ணினவன் இருந்து என்ன ஆகப்போகுது?" என்றார் அக்காவிடம். இத்தனை வருஷமாக இதை உள்ளேயே வைத்திருந்திருக்கிறார்.

பாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அக்கா கையிலிருந்த மருந்துக் கரண்டியை வாங்கினாள். சிந்தாமல், மெதுவாக, அதைப் பல்புக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். அவள் உதடு வெகுநேரம் முயன்றது.

"நல்...லது" என்றாள்.

அவள் பேசிய முதல் சொல் அது. மாமா அவளையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.