மோட்டாருக்குப் போட்ட ஸ்வெட்டர்

அப்பா செத்தபோது பெட்டிக்குள் போட்டுவிட அவருடைய ஸ்வெட்டரைத் தேடினோம். கிடைக்கவில்லை. அடக்கம் முடிந்து படகுக் கொட்டகைக்குப் போனால் அங்கே ஆணியில் தொங்குகிறது. பனிக்காலத்தில் படகு மோட்டாரைக் கழற்றி உள்ளே நிறுத்தி, அதற்குத்தான் அந்த ஸ்வெட்டரை மாட்டுவார். மோட்டாரைச் சாமி என்பார். என்னைக் கழுதை என்பார்.

எஸ்டேட் குளத்தில் விருந்தாளிகளை ஏற்றி அப்பா ஓட்டிக்கொண்டிருந்த படகு அது. பனி இறங்கிவிட்டால் குளமே கண்ணுக்குத் தெரியாது, யாரும் ஏறமாட்டார்கள். சும்மா கிடந்தால் ஈரம் ஏறி மோட்டார் கெட்டுவிடும். இந்த வருஷம் கழற்ற அப்பா இல்லை.

எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் வந்தார். "உன்னால ஆவுமா கண்ணு? இல்லாட்டி சேலத்துல இருந்து ஆள வரச் சொல்றேன். அப்புறம் படகு ஓட்டற வேலையும் அந்தாளுக்குத்தான்."

ஆகும் என்றேன். பாதியில் படிப்பை விட்டவள் நான். எனக்கு ஒழுங்காகத் தெரிந்ததே அந்தப் படகுதான்.

துணைக்கு மாமா வந்தார். அம்மாவின் தம்பி, சில்வர் ஓக் மரங்களில் ஏறி மிளகு பறிப்பவர். நான் பெட்ரோல் குழாயைப் பிடுங்கிவிட்டு, உள்ளே மிச்சம் இருந்தது எரிந்து தானாக நிற்கும்வரை மோட்டாரை ஓடவிட்டேன். பழைய பெட்ரோல் தங்கினால் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பிறகு மோட்டாரில் கயிறு கட்டி, மறுமுனையை மாமாவிடம் கொடுத்துக் கரையிலிருக்கும் கல்லுக்காலில் கட்டச் சொன்னேன். கைநழுவினாலும் மோட்டார் குளத்தோடு போகாது.

"கட்டியாச்சுங்களா மாமா?"

"கட்டியாச்சு சாமி. நீ கழட்டு."

மோட்டாரைப் படகோடு பிடித்திருந்த திருகாணியைக் கழற்றினேன். மோட்டார் நழுவியது. பின்னாலேயே மாமாவும் போனார். மரமேறுகிறவருக்குக் கயிறு என்றால் இடுப்புதான். பழக்கத்தில் அங்கேயே கட்டியிருக்கிறார்.

மோட்டாரின் தலை முங்குவதற்குள் அதைக் கட்டிப்பிடித்து, நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றார்.

"அதோட தலை நனையக்கூடாதுங்க மாமா. மேல தூக்குங்க."

"என் தலை நனைஞ்சுதே, அதக் கேட்டயா?"

"ஞானஸ்நானம்னு நெனச்சுக்கங்க."

"அது எனக்குச் சின்னதுலயே ஆச்சு. இழு புள்ள, நொம்பக் குளுருது."

அடக்கத்துக்குப் பிறகு நான் சிரித்தது அப்போதுதான். அப்பா இருந்திருந்தால் இதைச் சொல்லியே மாமாவை ஒரு வருஷம் ஓட்டியிருப்பார். அந்த நினைப்பு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மோட்டாரைக் கொட்டகையில் நேராக நிறுத்தினோம். தண்ணீர் வடியும்வரை படுக்க வைக்கக்கூடாது. ரைட்டர் மேல்மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு சொட்டு இல்லை.

"நனைஞ்சது யாரு?"

"மாமா மட்டுந்தாங்க."

"அப்பச் சரி. பனி போனதும் நீயே மாட்டி ஓட்டு கண்ணு."

பல்லெல்லாம் கிடுகிடுக்க மாமா ஆணியிலிருந்த ஸ்வெட்டரை எடுத்தார். டீ கொண்டுவந்த அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இது மோட்டாருக்கு. நீ ஊட்டுக்குப் போயி அடுப்புகிட்ட உக்காரு."

ஒருமுறை மோந்து பார்த்தாள். "பெட்ரோல் நாத்தம்," என்றாள். அப்புறம் மோட்டாருக்கு மாட்டி, கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுவிட்டாள்.