‘மேல்மண்’ பாடகி

ஃபர்ஹீன் புதுப் பையின் ஜிப்பில் கைவைத்தால் வாங்க வந்தவர்கள் ஓர் அடி பின்வாங்குவார்கள். சர்ரென்று ஓர் இழுப்பு, மறுபடி ஓர் இழுப்பு. ஜிப் பிய்ந்தால் பை மூலைக்குப் போகும், அடுத்தது வரும். "என் கையில தாங்குச்சின்னா உங்க புள்ள கையில தாங்கும். எடுத்துகினு போங்க." மந்தாரக்குப்பத்தில் அத்தா கமாலுதீனின் பைக்கடையை இப்போது நடத்துவது அவள்தான். எதிர்ச்சாரி டீக்கடைக்குப் போன் செய்யும் வழக்கமெல்லாம் கிடையாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "ரெண்டு டீ, ஒண்ணு சக்கரை இல்லாம" என்பாள். பஸ்ஸுக்கு நிற்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தத் தொண்டைக்கு ரசிகர்கள் இருந்தார்கள் என்றால் புதிதாக வருகிறவர்கள் நம்புவதில்லை. நான் சாட்சி. 2013-இல் எங்கள் டவுன்ஷிப்பில் ‘மேல்மண்’ என்றொரு பங்க் ராக் குழு முளைத்தது. பழுப்பு நிலக்கரியை எடுக்குமுன் மேலே கிடக்கும் மண்ணைச் சுரண்டி மலைமலையாகக் கொட்டுவார்களே, யாருக்கும் வேண்டாத அந்த மண்ணின் பெயரை வைத்துக்கொண்டார்கள். என் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அபி கிட்டார், முத்தாண்டிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வரும் கார்முகில் டிரம்ஸ், பாட்டு ஃபர்ஹீன். மூவரும் பாலிடெக்னிக்கில் ஒரே வகுப்பு. பாட்டு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கத்தல்தான், ஆனால் கேட்கிறவன் கால் சும்மா இருக்காது.

பயிற்சி அபி வீட்டு ஷெட்டில். எங்கள் வரிசையில் யார் நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். ஒரு வாரம் ஷிஃப்ட் மாறியதை மறந்துவிட்டார்கள். வரிசையே அசந்து தூங்கும் காலையில் டிரம்ஸ் இடித்தது. லுங்கியோடு சண்டைக்குப் போன கும்பலில் நானும் உண்டு. "அங்கிள், திட்டுறதுன்னா திட்டுங்க. இந்தப் பாட்டு மட்டும் முடிஞ்சிரட்டும்" என்றாள். முடிந்ததும் இன்னொன்று பாடச் சொல்லிக் கேட்டோம். சண்டை போட வந்ததே எங்களுக்கு மறந்துவிட்டது.

பிறகு பொங்கல் விழா, கல்லூரி விழா என்று கடலூர் வரை பெயர் பரவியது. போன இடமெல்லாம் கேட்டது ஒரே பாட்டு: ‘பர்மனென்ட் வேணாம் போடா’. எழுதியவன் கார்முகில். அவன் அப்பா சுரங்கத்தில் காலமெல்லாம் காண்ட்ராக்ட்; இந்த வருடம் பர்மனென்ட் ஆகும், அடுத்த வருடம் ஆகும் என்று காத்திருந்தே தலை நரைத்தவர். அந்தக் கோபத்தை மகன் பாட்டாக்கினான். ஃபர்ஹீனுக்கு அந்தப் பாட்டென்றால் உயிர்.

2016 கடைசியில் கார்முகில் மைசூர்பாகுப் பெட்டியோடு ஷெட்டுக்கு வந்தான். அவனுக்கு பர்மனென்ட் ஆர்டர் வந்திருந்தது.

"நீ எழுதுன பாட்டுடா அது" என்றாள் ஃபர்ஹீன்.

"எழுதும்போது ஆர்டர் வரலியே" என்று சிரித்தான். அவள் சிரிக்காததைக் கண்டு குரலைத் தாழ்த்தினான். "பொங்கலுக்கு வேற பாட்டு பாடலாம். எங்க ஆபீசரு முன்னாடியே குந்திகினு இருப்பாரு. நான் இன்னும் ப்ரொபேஷன்ல இருக்கேன். எங்கப்பா இப்பத்தான் ஒழுங்கா தூங்குறாரு."

"அப்ப இத்தினி நாளா நாம கத்துனது?"

கார்முகில் மைசூர்பாகுப் பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினான். பொங்கல் மேடையில் அவள் பிடிவாதமாக அந்தப் பாட்டையே தொடங்கினாள். கார்முகிலின் குச்சிகள் மடியிலேயே கிடந்தன. அபி இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் கிட்டாரை நிறுத்தினான். தனியாக ஒரு சரணம் பாடிவிட்டு ஃபர்ஹீன் இறங்கிப் போனாள். இது ஏதோ புது மாதிரி போலிருக்கிறது என்று ஜனங்கள் பலமாகக் கைதட்டினார்கள்.

மேல்மண் அன்றோடு கலைந்தது. அபி பெங்களூர் போனான், ஃபர்ஹீன் கடைக்கு வந்தாள். கார்முகில் வாசலில் பைக்கை நிறுத்தினால் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவாள். எங்கள் வரிசை இரண்டு கட்சியாகி வாதாடியது. நான் எதிலும் சேரவில்லை. இரண்டு பேரையும் எனக்குப் பிடிக்கும்.

போன வருடம் கார்முகிலுக்குக் கல்யாணம். சூட்கேஸ் வாங்க வந்த அவன் அம்மா சின்னம்மாள் பத்திரிகையை நீட்டி, "நீ வரலன்னா அவன் மொகமே நல்லா இருக்காதும்மா" என்றாராம். ரிசப்ஷனுக்கு ஃபர்ஹீன் வந்தாள். மேடை ஓரத்தில் லைட் மியூசிக் குழு. பரிசைக் கொடுத்த கையோடு, "வாடா" என்று மாப்பிள்ளையை டிரம்ஸ் பக்கம் இழுத்துப் போனாள். முன்வரிசையில் அவன் ஆபீசர் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார்.

கார்முகில் கோட்டைக் கழற்றி மணப்பெண்ணிடம் கொடுத்தான். குச்சிகளை எடுத்தான். கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தப் பாட்டுக்கு உண்டான அடியையே தொடங்கினான். ஃபர்ஹீனின் கண்கள் நிறைந்துவிட்டன.

பாடகரிடமிருந்து மைக்கை வாங்கி, கட்டைவிரலால் அதன் ஸ்விட்சை அணைத்தாள். முன்வரிசைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, டிரம்ஸ் சத்தத்துக்குள் அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பாடினாள்.