திரைக்கு வரைந்த கட்டம்

ஈரோட்டில் தம்பிதுரையின் பெட்ஷீட் கம்பெனியில் ராமாமணிக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் வேலை. வியாபாரிகள் கேட்பதெல்லாம் மயில், இல்லாவிட்டால் ரோஜா. வரைந்து வரைந்து அவளுக்கு வெறுத்துப்போயிருந்தது. 1999இல் ஏதோ பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து தன் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டாள். அதில் விண்டோவின் ஓரம், பட்டன், எழுத்து எல்லாவற்றையும் இஷ்டத்துக்கு மாற்றலாம் என்று தெரிந்ததும் விடவில்லை, அத்தனையையும் கருநீலமாக்கினாள். பின்னணிக்கு மஞ்சளில் ஒரு கட்டம் வரைந்து திரை முழுக்கப் பரப்பினாள்.

ஒருநாள் கரூர் வியாபாரி ஒருவர், விரித்துக் காட்டிய துணிகளை ஒதுக்கிவிட்டு அந்தத் திரையின் முன் நின்றார். துணியைப் பார்க்கிற பழக்கத்தில் திரைக் கண்ணாடியைக் கட்டைவிரலால் தடவினார்.

"ஏனுங்க, இதையே தறியில ஓட்டிக் குடுங்க" என்றார் தம்பிதுரையிடம்.

"அது விக்கிறதுக்கு இல்லீங்க, நான் பார்க்கறதுக்குப் போட்டதுங்க" என்றாள் ராமாமணி.

அவள் பேச்சை யார் கேட்டார்கள்? அடுத்த வாரமே அந்தக் கட்டம் தறியில் ஓடியது.

முதல் பெட்ஷீட்டைத் தம்பிதுரையே சந்தோஷமாக எடுத்து வந்தார். ராமாமணியின் திரை வெறும் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"ஏனம்மணி, அத்தனை அழகா இருந்ததை அழிச்சுப்போட்டியே?"

"ஊரே படுத்து எந்திரிக்கிறதை நான் எதுக்குங்க பார்த்துட்டு உக்காரணும்?"