லீலாதேவி சர்வர் பூட்டிய விதம்

கண்டி, பேராதனை வீதியில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருந்த இன நல்லிணக்க நிலையத்துக்கு லீலாதேவி மொழிபெயர்ப்பாளராகத்தான் வந்தார். போரால் யாழ்ப்பாணப் பாதை மூடப்பட்ட பிறகு ஊருக்குப் போக வழியில்லாமல் கட்டுகஸ்தோட்டையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். வடக்கிலும் கிழக்கிலும் சண்டை மூள மூள, சமாதானத்தில் வெளிநாட்டவருக்கு அக்கறை கூடியது. நிலையத்துக்கு நல்ல காலம்.

அப்படி அக்கறை கொண்ட நிறுவனம் ஒன்று, சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிகளிலும் ஓர் இணையத்தளம் வேண்டும், அதையும் திறந்த மூல மென்பொருளில் நடத்த வேண்டும் என்று கேட்டது. பல நாட்டவர் கூடி எழுதி, யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம் என்று விட்டிருக்கும் மென்பொருள் அது. பணிப்பாளர் இராஜரத்தினம் அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர். அந்த விளக்கத்தில் 'இலவசம்' என்ற சொல் மட்டும் அவர் காதில் விழுந்தது. நிலையத்தில் தமிழில் தட்டச்சுச் செய்யத் தெரிந்தவர் லீலாதேவி ஒருவர்தான். எனவே இணையத்தளத்தை ஓட்டும் கணினியான சர்வரும் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று முடிவாயிற்று.

சர்வரை திகனவில் கணினிக்கடை வைத்திருந்த மக்கீன் கொண்டுவந்து இறக்கினார். குளிரூட்டி பணிப்பாளரின் அறையில் மட்டும் இருந்ததால் சர்வரும் அங்கேயே குடியேறியது. பணிப்பாளருக்கோ குளிர் ஒத்துவராது. அவர் குளிரூட்டியை நிறுத்துவார். சர்வர் சூடேறித் தானும் நின்றுவிடும். லீலாதேவி முதலிலிருந்து தொடங்குவார்.

"பிள்ளை, சும்மா தாற சாமானைப் பூட்டுறதுக்கு ஏன் இவ்வளவு நாள்?" என்று கேட்டார் பணிப்பாளர்.

"சேர், ஏசியை நிப்பாட்டாமல் விட்டியள் எண்டால் கெதியா முடிச்சிடுவன்."

"சமாதானத்துக்காக நான் விறைச்சுச் சாகோணுமோ?"

கடைசியில் மென்பொருள் ஏறியது. ஆனால் ஓடவில்லை. கணினிக்குள் தரவு போய்வர 'போர்ட்' என்ற வாசல்கள் உண்டு. புதிய தளத்துக்கு வேண்டிய வாசலில் சர்வரில் முன்பே இருந்த வேறொரு நிரல் குந்தியிருந்தது. நிரலை நிறுத்துவதைக் கணினிக்காரர் கொல்வது என்பார்கள். ஒரு நிரல் தொடக்கிவிடும் சிறு நிரல்கள் அதன் பிள்ளைகள்; தொடக்கிவிட்டது தாய். லீலாதேவி பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கொன்றார். அவை ஒவ்வொன்றாக மீண்டும் பிறந்தன.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் பஸ்ஸில், லீலாதேவி அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் மக்கீனின் அழைப்பு வந்தது. பஸ் இரைச்சலில் இருவரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"தங்கச்சி, அவன் இன்னம் வாசல்லதான் இரிக்கிறானா?"

"ஓம் நானா! பிள்ளையள் எல்லாத்தையும் கொன்றுபோட்டன். திரும்பத் திரும்ப வருதுகள்!"

"புள்ளைகளக் கொன்னு வேலயில்ல. தாயக் கொல்லுங்க! தாய் மவுத்தானா புள்ளைகளும் மவுத்து!"

"சரி நானா, போன உடனை தாயைக் கொல்லுறன். பிறகு போர்ட் திறந்திடும்தானே?"

பேசி முடித்து நிமிர்ந்தபோது பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து முன்னால் போயிருந்தார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் பஸ் நின்றதும் லீலாதேவியை மட்டும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் வடக்கில் பருத்தித்துறை என்றிருந்தது. அதற்குமேல் வாசிக்க எதுவும் இல்லை என்பதுபோல அட்டையைத் தங்களிடமே வைத்துக்கொண்டு அவரைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே ஒரு நீள வாங்கில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் அவரைப்போலவே பிடித்துவரப்பட்ட இன்னும் சிலர் இருந்தார்கள். கிழக்கில் வேலை செய்தபோது தமிழ் பழகிய சார்ஜன்ட் ஒருவர் விசாரிக்க வந்தார்.

"நங்கி, தங்கச்சி, நீங்க கொல்லப் போற அந்த அம்மா யாரு?"

"அது அம்மா இல்லை சேர், புரோகிராம்."

"என்ன புரோகிராம்? எங்கே வைக்கிறது?"

"பணிப்பாளரின்ரை அறைக்குள்ளை."

சார்ஜன்ட்டின் முகம் மாறியது. சொன்ன பிறகுதான், அது அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று லீலாதேவிக்கும் விளங்கியது. விளக்கி விளக்கிக் களைத்து, "வந்து பாருங்கோ சேர், உங்களுக்கு முன்னாலை கொல்லுறன்" என்றார்.

ஜீப்பில் நிலையத்துக்குப் போனார்கள். பணிப்பாளர் கதிரையை விட்டு எழுந்து, "கம்பியூட்டர் விஷயம் எல்லாம் இந்தப் பிள்ளைதான். எனக்கு ஒண்டும் தெரியாது" என்று கேட்காமலே வாக்குமூலம் கொடுத்துவிட்டுக் கதவோரம் ஒதுங்கினார். லீலாதேவி விசைப்பலகையில் ஒரு வரியைத் தட்டினார். தாய் மறைந்தது. பிள்ளைகளும் மறைந்தன. இன்னொரு வரி தட்டியதும் நிலையத்தின் இணையத்தளம் முதன்முறையாகத் திரையில் எழுந்தது. நடுவில் ஒரு வெண்புறா.

"இவ்வளவுதானா?" சார்ஜன்ட்டுக்குச் சற்று ஏமாற்றம். சிங்களப் பக்கத்தை வாசித்துப் பார்த்துத் தலையாட்டினார். தமிழ்ப் பக்கத்தைத் திறந்தபோது வரிசை வரிசையாக வெறும் சதுரப் பெட்டிகள்.

"இது என்ன ரகசிய எழுத்து?"

"தமிழ், சேர். எழுத்துரு இன்னும் போடேல்லை."

"தமிழ் இப்படி இல்லையே. எனக்குத் தெரியும், பஸ்ஸில எழுதிப் போடுறது."

பணிப்பாளர் கதவோரத்திலிருந்து குரல் கொடுத்தார். "எடுத்துவிடு பிள்ளை. பெட்டியாலை ஏன் பிரச்சினை?"

லீலாதேவி சார்ஜன்ட்டின் கண்முன்னாலேயே தமிழ்ப் பக்கத்தை எடுத்துவிட்டார். சார்ஜன்ட் தேநீர் குடித்து, தன் மைத்துனரின் கோழிப்பண்ணைக்கும் இப்படி ஒன்று இலவசமாகக் கிடைக்குமா என்று விசாரித்து, அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். காவல் நிலைய வாங்கில் இருந்த மற்றவர்களிடம், தாங்கள் வெளியே வர இப்படி ஓட்டிக்காட்ட சர்வர் இல்லையே என்ற நினைப்பு லீலாதேவியைப் பல நாள் விடவில்லை.

அந்தக் காலாண்டு அறிக்கையில் பணிப்பாளர், பாதுகாப்புத் தரப்பினர் நேரில் வந்து எமது தளத்தை ஆர்வத்துடன் பார்வையிட்டனர் என்று எழுதினார். வெளிநாட்டவர் பாராட்டினார்கள். தமிழ் இல்லாததை யாரும் கேட்கவில்லை.

லீலாதேவி எழுத்துருவைச் சரிசெய்து, யாரிடமும் சொல்லாமல் தமிழ்ப் பக்கத்தைத் திரும்ப ஏற்றினார். பணிப்பாளர் ஆங்கிலப் பக்கத்தில் இருந்த தன் படத்தை மட்டுமே பார்ப்பவர் என்பதால் அது பத்திரமாக இருந்தது. தேயிலைத் தோட்டப் பகுதியான மடுல்கெல்லயிலிருந்து ஓர் ஆசிரியை அதை வாசித்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழைத் தமிழில் எடுப்பது எப்படி என்று கேட்டு எழுதினார். லீலாதேவி பதிலைத் தளத்திலேயே போட்டார். அதன்பிறகு தெல்தோட்டையிலிருந்தும் கேள்விகள் வந்தன. கொஞ்ச நாளில் சமாதானத்தைவிடப் பிறப்புச் சான்றிதழே தளத்தில் அதிக இடம் பிடித்தது.

போர் முடிந்ததும் வெளிநாட்டவர், சமாதானம் வந்துவிட்டது, இனி நல்லிணக்கத்துக்கு என்ன தேவை என்று உதவியை நிறுத்திக்கொண்டார்கள். நிலையம் மூடப்பட்டது. பணிப்பாளர் மகளிடம் கனடாவுக்குப் போனார். அங்கே குளிர் எப்படி என்று தெரியவில்லை. லீலாதேவி திகனவில் மக்கீனின் கடைக்கு எதிரே ஒரு சிறு அறை எடுத்து, பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பங்கள் எழுதிக் கொடுக்கத் தொடங்கினார். கூட்டத்துக்குக் குறைவில்லை.